கைக்குத் தெரிந்த பாரம்

1938 மார்ச் 4, வெள்ளி. ஏறாவூர்.

ஜும்ஆ முடிந்து வந்து நபீஸாவைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போகையில் பாதி வழியில் நெஞ்சு அடைத்தது. மாமரத்தில் சாய்ந்து நின்றேன். மகளுக்குப் பதினேழு வயது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கால் இரண்டும் போயின. அன்றிலிருந்து தூக்குவது நான்தான். எனக்கு ஆண்பிள்ளை இல்லை; அந்நிய ஆண் தொட முடியாது. மனைவி கைறுன்னிஸா மகளைவிடச் சின்ன உருவம்.

"வாப்பா, இறக்கி விடுங்க. மூச்சு வாங்குது."

"மூட்டை தூக்கி முதலாளியானவன் நான், புள்ள. நீ என்ன பாரம்?" என்றேன்.

மார்ச் 6

கனகசிங்கம் பரியாரி நாடி பிடித்தார். "நாப்பத்தொன்பது வயசு, முதலாளி. சுருட்ட விடுங்க, விடிய நடங்க, இந்த லேகியத்தத் தின்னுங்க. பாரம் மட்டும் தூக்கப்படாது."

கடைசியைத் தவிர எல்லாம் செய்வேன் என்றேன்.

மார்ச் 19

தினமும் வாவிக்கரை வரை நடை. சுருட்டு இல்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்று. கைறுன்னிஸா மோந்து பிடித்துவிட்டாள். "லேகியம் ஒரு வாய்க்கு, சுருட்டு ஒரு வாய்க்கா? உங்களுக்கு எத்தின வாய்?"

ஏப்ரல் 22

பலன் தெரிகிறது. நபீஸாவைத் தூக்கியபோது மூச்சு வாங்கவில்லை. நெல் மூட்டையை ஒரு தரம் தூக்கினால் இத்தனை இறாத்தல் என்று சொல்லிவிடுவேன். நான் நெல் வாங்கப் போகும் கிரானில் என் கையைத் தராசு என்பார்கள். அந்தக் கை சொல்கிறது, பலம் திரும்புகிறது என்று. பரியாரிக்கு ஒரு மூட்டை நல்ல அரிசி அனுப்பினேன்.

மே 9

இன்று எங்கும் நிற்காமல் கிணற்றடி போய்ச் சேர்ந்தேன். "வாப்பா வாலிபனாயிட்டார்" என்று நபீஸா சிரித்தாள். கைறுன்னிஸா அவளுடைய சட்டையைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கழுவக் கழுவத் துணி தளர்ந்துவிட்டதாம்.

ஜூன் 2

கிரானிலிருந்து உச்சிக்கே திரும்பினேன். நபீஸா ஜன்னல் வழியாகச் சோற்றை உருட்டி உருட்டிக் கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மீன் துண்டும் போனது.

"ஏன் புள்ள?"

"பசிக்கல்ல வாப்பா."

பிறகும் கேட்டேன். விடாமல் கேட்டேன்.

"அண்டைக்கு உங்கட நெஞ்சு அடிச்சது எனக்குக் கேட்டது வாப்பா. தின்னாட்டிப் பாரம் குறையும்தானே. நீங்க மவுத்தானா என்னை ஆரு தூக்குற?"

யா அல்லாஹ். கைத் தராசாம்! ஊர் மூட்டையெல்லாம் நிறுத்தவனுக்கு என்ட புள்ள காஞ்சு போறது தெரியல்ல. அவள் தேய்ந்ததை என் பலம் என்று எண்ணி — லேகியம் தின்று — மூன்று மாதம். விலா எலும்பு கையில் பட்டிருக்குமே. படவில்லையா?

பட்டது.

ஜூன் 3

சோறு இறங்கவில்லை. யாருக்கும்.

ஜூன் 11

பக்கத்து வீட்டு உம்மு குல்தூமிடம் போய் நின்றேன். "தங்கச்சி, மகளைக் கதிரையில இருத்தி அப்படியே தூக்கணும். கைறுன்னிஸாவுக்கு ஒரு கை குடுப்பியா?"

"இத்தின வருசம் ஏன் காக்கா கேக்கல்ல?" என்றாள், சொந்த அண்ணனைக் கேட்பதுபோல.

என் பிள்ளையை நானே தூக்குவேன் என்ற பெருமை. வேறென்ன?

செப்டம்பர் 30, வெள்ளி

நபீஸா இப்போது முழுப் பீங்கான் சோறும் தின்கிறாள். நான் எதிரே உட்கார்ந்தால்தான். காலையில் ஆசைக்கு ஒரு தரம் தூக்கிப் பார்த்தேன். பாரம் கட்டிலைவிட்டு எழும்பவில்லை.

"ஏலல்லயா வாப்பா?" முகம் வெளிறிவிட்டது.

"ஏலாது மகள்."

பெண்கள் இருவரும் வந்து கதிரையைத் தூக்கினார்கள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். கிணற்றடி போய்ச் சேரும்வரை அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.