லைற் ஒழுங்காக வருகிறது

ஒஸ்லோ
10.11.1996

அன்புள்ள கமலாதேவிக்கு,

நான் நல்ல சுகம். நீரும் என் அப்பாவும் சுகம்தானே? மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, ஆனால் லைற் ஒழுங்காக வருகிறது என்று எழுதியிருந்தீர். பிறகென்ன, கரண்ட் அடுப்பு ஒன்று வாங்கும். எங்கள் ஒழுங்கையில் உள்ள மற்ற வீட்டுக்காரருக்கும் சொல்லும். இங்கே வீட்டைச் சூடாக்குவதும் கரண்ட், ட்ராம் ஓடுவதும் கரண்ட். நாங்கள் மட்டும் ஏன் புகை குடிக்க வேண்டும்?

உமது விசாப் பத்திரங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பும். அப்பாவின் விசா அலுவலைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
சோமசேகரம்

திருகோணமலை
25.01.1997

அன்பின் அத்தானுக்கு,

சுகம் கேட்டு எழுத மனமில்லை. நீங்கள் சொன்னதென்று ஒழுங்கை முழுக்கக் கரண்ட் அடுப்பு வாங்கியது. ஒழுங்கையில் உள்ள முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கக் கஞ்சி வைக்கும் நேரம்தான் எங்கள் இராச் சமையலும். நாற்பத்தெட்டு வீடும் ஒன்றாகப் போட, போன கிழமை டிரான்ஸ்போமர் எரிந்துவிட்டது. "உங்கட மனுசன் சொல்லித்தானே வாங்கினனாங்கள்" என்று பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா என் முகத்துக்கு நேரே கேட்டாள். அவளுடைய பிறிட்ஜும் நின்றுவிட்டது. அதற்குள்தான் மாமாவின் இன்சுலின் இருந்தது. வெதும்பிப்போன மருந்தைத்தான் ஏற்றுகிறேன். வேறு கிடைக்கவில்லை.

நான் லைற் என்று எழுதியது இரண்டு பல்ப்பை. மின்சார சபையில் வேலை செய்தபோது அந்த டிரான்ஸ்போமரைப் போட்டது நீங்கள். "இது பல்ப்புக்கு மட்டும்தான் காணும், அயன்பெட்டிகூட எல்லாரும் ஒண்டாப் போடாதேங்கோ" என்று வாசல் வாசலாகச் சொன்னதும் நீங்கள். அதை எப்படி மறந்தீர்கள்?

கமலாதேவி

ஒஸ்லோ
20.02.1997

அன்புள்ள கமலா,

கோபம் விளங்குகிறது. ஆனால் லைற் ஒழுங்கு என்று எழுதியது நீர்தானே. இங்கே குளிர் கூடினால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஹீற்றரைப் போடும். அதற்கென்று முன்கூட்டியே புதுக் கம்பியும் பெரிய நிலையங்களும் கட்டி வைத்திருக்கிறார்கள். இதற்குள் இருந்து பழகிவிட்டேன். எங்கள் டிரான்ஸ்போமரின் அளவு நினைவுக்கே வரவில்லை.

விசாப் பத்திரம் இன்னும் வரவில்லை.

சோமசேகரம்

திருகோணமலை
02.04.1997

அத்தானுக்கு,

மாமா போய்விட்டார் என்று அடித்த தந்தி கிடைத்திருக்கும். நேற்று முப்பத்தோராம் நாள், அவருடைய அந்தியேட்டி முடிந்தது. விறகில்தான் சமைத்தோம்.

இன்று புது டிரான்ஸ்போமர் ஏற்றினார்கள். அதுவும் பழைய அளவுதான். ஒரு நேரத்தில் ஆறு வீடு மட்டும் அடுப்புப் போடலாம் என்று முறை வைத்திருக்கிறோம். அதைப் பார்க்கிற பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். உங்களால் வந்த வினை அல்லவா?

ஒழுங்கை முழுக்க ஏசியபோதும் மாமா உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் அளக்காமச் சொல்லமாட்டான்" என்றுதான் கடைசிவரை சொன்னார். நீங்கள் அளக்கவில்லை, அத்தான்.

பத்திரங்களைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை.

கமலாதேவி