கை வைக்காத பூட்டு

எட்டுத் தெருவுக்கும் ஏக சக்கரவர்த்தி, திறக்காத பூட்டுகளின் எமன், உன் தாய்மாமன் தன் அருமை மருமகளுக்கு எழுதும் ஓலை. நானும் உன் அத்தையும் நலம். அத்தையின் நாக்கு எங்கள் இருவரையும்விட நலம். நீயும் வாலுக்குட்டியும் உன் தோழி வீட்டில் சௌக்கியம்தானே?

உன் கடிதம் இன்று காலை வந்தது. வீடும் வேண்டாம், வழக்கும் வேண்டாம் மாமா, நானாகத்தான் வீட்டைவிட்டு வந்தேன் என்று அவர் கேட்கிறபடி எழுதிக் கொடுத்துவிடுகிறேன், குழந்தையை மட்டும் விட்டால் போதும் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் கடையில் தொங்கிய பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொண்டன. முதலில் பேனாவை மூடி வை.

கடிதத்தோடு வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். தான் சிரித்தால் கட்டடம் இடிந்துவிடும் என்று அந்த அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் முழக்கம் ஓய்ந்ததும், கேள்வி என்ன என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை வீசின தட்டு சுவரில் பறந்த அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், புருஷனைக் கைவிட்டவள் ஆகிவிடுவாளா என்றேன். பயந்து ஒதுங்கினால் அது கைவிட்டதாகாது, ஆனால் அப்படி எழுதிக் கொடுத்தால் அவளே ஆக்கிக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்றார். வெளியேறினவளுக்குப் பிள்ளை கிடைக்காது என்று மாப்பிள்ளையின் அக்கா தெருத் தெருவாகச் சொல்கிறாளே என்றேன். அவங்க எப்போ நீதிபதி ஆனாங்க என்று கேட்டார். பிள்ளை எங்கே யாரிடம் நன்றாக இருக்கும் என்பதைத்தான் பார்ப்பார்களாம். வேண்டுமானால் நீதிபதி வாலுக்குட்டியையே தனியாகக் கூப்பிட்டுப் பேசுவாராம். பாவம் நீதிபதி!

இனி நேற்றைய கதை. நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனு பலித்துவிட்டது. வழக்கு முடியும்வரை நீயும் குழந்தையும் அந்த வீட்டில் இருக்கலாம், வீடு மாப்பிள்ளை பெயரில் இருந்தாலும் அவன் குறுக்கே வரக்கூடாது என்று உத்தரவு. அவன் பூட்டிப்போன கதவைத் திறக்க நீதிமன்றத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்தார்.

அந்தப் பூட்டை நீ பார்த்திருக்க வேண்டும். அத்தையின் கொண்டை ஊசியைக் கண்டாலே வாயைப் பிளந்துவிடும் ஜாதி. அவன் பூட்டின அன்றைக்கே போய்த் திறக்கிறேன் என்று பையைத் தூக்கினவனை வக்கீல் அம்மா உட்கார வைத்திருந்தார். நீங்க திறந்தா நகையைக் காணோம் பணத்தைக் காணோம்னு உங்க மருமகள் தலையில்தான் விடியும், வெளி ஆள்தான் திறக்கணும் என்றார். வெளி ஆள் என்று யாரைக் கூட்டி வந்தார்கள் தெரியுமா? என் எதிர்க்கடைக்காரனை! தன் வீட்டுக் குளியலறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டு அலறினானே, அதே மகானை.

அவன் கம்பியை விட்டுக் குடைகிறான், குடைகிறான், வியர்வை ஆறாக ஓடி பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளி எடுத்து வந்தார்கள். என் விரல்கள் பத்தும் தனித்தனியாக என்னிடம் கெஞ்சின. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன். இடது பக்கமாகத் தூக்கி அழுத்துடா என்கிற ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அத்தை என் காலை மிதித்தாள். விழுங்கிவிட்டேன். கடைசியில் திறந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவன், நீ வாயையும் கையையும் மூடி வச்சிருந்ததைப் பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான்யா கிடைச்சுது என்றான். வேறு நாளாக இருந்தால் போர் மூண்டிருக்கும்.

அதிகாரி அறை அறையாகப் பார்த்து எழுதிக்கொண்டார். நான் வாசலோடு நின்றுவிட்டேன். அங்கிருந்தே தெரிந்தது, கைகழுவும் தொட்டியின் முன்னால் வாலுக்குட்டி ஏறி நிற்கிற குட்டை முக்காலி. வைத்த இடத்திலேயே இருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கண்ணில் தூசி என்றாள். தூசி நிறையத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வந்து தகராறு செய்வானோ என்று பயப்படாதே. உத்தரவின் நகல் காவல் நிலையத்துக்குப் போயிற்று. நீ வருகிற அன்றிலிருந்து அத்தை உன்னோடு அங்கேதான் படுப்பாள். அவள் குறட்டையைத் தாண்டி ஒரு படையே உள்ளே வர முடியாது. அடுத்த விசாரணை பிள்ளை யாரிடம் வளர்வது என்பதைப் பற்றி. அதற்குள் குழந்தை தன் வீட்டில் தூங்கி எழுந்து தன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகட்டும் என்கிறார் வக்கீல் அம்மா. நீதிபதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று குழந்தைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதே, அது போதுமாம்.

கதவில் புதுப் பூட்டு. அதையும் என் விரோதிதான் மாட்டினான். கோணலாக. சாவி வக்கீல் அம்மாவிடம், உன் கையில் மட்டும்தான் கொடுப்பாராம். மறுசாவி ஒன்று அடித்துக்கொள்ள இந்தச் சக்கரவர்த்திக்கு ஒரு மூச்சு நேரம் போதும். அடிக்கவில்லை. பூமியில் எனக்குத் திறக்காத கதவு அது ஒன்றுதான் அம்மா. நீ வந்து திறக்கிறவரை நான் வெளியேதான் நிற்பேன்.

நீயும் குழந்தையும் நன்றாக இருங்கள். சீக்கிரம் வா.

என்றும் உன் நலம் நாடும்,
தாய்மாமன்