ராஸ்பெர்ரித் தோட்டத்து ஈ

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். நான் வேலை பார்க்கும் ராஸ்பெர்ரித் தோட்டத்தில் ஈ விழுந்துவிட்டது. கடுகளவு ஈ. பழம் பளபளவென்றுதான் இருக்கிறது. மேஸ்திரி நாலைந்து பழத்தை நசுக்கி உப்புத் தண்ணீரில் போட்டார். வெள்ளைப் புழுக்கள் மிதந்து வந்தன.

"காய் நிறம் மாறும்போதே உள்ள முட்டை வச்சிடுது. மருந்துக்கும் மசியல. எல்லாத்தையும் பறிச்சுக் கட்டுங்கம்மா" என்றார்.

விற்கப் பறிப்பது போலவே பறித்தோம். புழு வெந்து சாகட்டும் என்று பிளாஸ்டிக் பைகளில் கட்டி வெயிலில் போட்டோம். முதலாளியம்மா வரப்பில் உட்கார்ந்து அழுதார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கை பாட்டுக்குப் பறித்தது.

இந்தப் பருவம் அவ்வளவுதான், ஊருக்குப் போகிறவர்கள் போகலாம் என்றார்கள். புதுச் செடிகளுக்கு ஈ நுழையாத வலை கட்ட ஆள் வேண்டுமாம். பெயர் கொடுத்துவிட்டேன். ஏனென்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. எப்போது வருவேன் என்று பாப்பா கேட்டால் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

போனில் பேசும்போது டிவியை அணைக்காதீர்கள். வீட்டுச் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும்.

வலை கட்டக் கூட்டிப்போக வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள்
பாப்பா அம்மா