பேர் எழுதிய தட்டு

கரும்புக்கடை, கோவை
8.1.2025

அன்புத் தங்கை ரம்ஷாவுக்கு,

உன் மீதும் மாப்பிள்ளை சுஃப்யான் மீதும் உன் மாமியார் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தால், "அக்கா, அடுப்புல பாலு வெச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் மண்பாண்ட வகுப்புக்குப் போகிறோம். கிணத்துக்கடவிலிருந்து பழனியாத்தாள் அக்கா வந்து சொல்லித் தருகிறார். அவரவர் கதையை அவரவர் பாத்திரத்தில் சொல்ல வேண்டுமாம். நாங்கள் உருவம் செய்யமாட்டோம் என்றதும், "அதுக்கென்னங்க அம்மணி, எழுத்தாவே எழுதிப்போடுங்க" என்று சிரித்தார். சக்கரத்தில் மண் சுற்றும்போது கண் தானாகச் சொக்குகிறது ரம்ஷா. வெளிச்சத்தம் எதுவும் கேட்பதில்லை. உள்ளே அல்லாஹ்வின் பேரைச் சொல்லும் திக்ரு மட்டும் ஓடுகிறது.

ஒருநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கண்ணயர்ந்தேன். உன் மகள் வந்தாள். ஏழாம் நாள் பேர் வைக்குமுன் மூன்றாம் நாளே போனவள், கனவில் நாலு வயசுப் பிள்ளையாக என் ஈரமண்ணை மிதித்துக்கொண்டு நின்றாள். காலெல்லாம் மருதாணி. எழுந்து போய், நீ எனக்கு மட்டும் சொன்ன அந்தப் பேரை ஒரு தட்டின் நடுவில் அரபியில் எழுதினேன். சுற்றி அவளுக்காக வேண்டி ஒரு துஆ. கீழே தமிழில், ரம்ஷாவின் மகள்.

மாதக் கடைசியில் கண்காட்சி. வைக்கட்டுமா? நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்டபோது நீ வாயே திறக்கவில்லை. அதையே சம்மதமென்று எழுதிக்கொண்டார்கள். இப்போதும் பதில் வராவிட்டால் அப்படியே எடுத்துக்கொள்வேன், போ!

உன் அக்கா,
சாஜிதா பேகம்


கோபிசெட்டிபாளையம்
2.2.2025

அக்காவுக்கு ஸலாம்.

உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அதையா சம்மதமென்று எடுத்துக்கொண்டாய்? நிக்காஹ்வில் பேசாதிருந்தது வெட்கம் அக்கா. இதுவும் வெட்கமா?

கோவையில் தன் தங்கை வீட்டுக்குப் போன மாமி, உன் கைவேலையைப் பார்க்க ஆசையாகக் கண்காட்சிக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏங்கண்ணு, எம்பேத்திக்குப் பேரு வெச்சிருக்கறே, எங்ககிட்டச் சொல்லோணும்னு தோணலையா?" என்று அழுதார். என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்றார். நான்கு வருடமாக அவரிடம்கூட நான் சொல்லாத பேர். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்று நாளாக என் முகம் பார்ப்பதில்லை.

அவளால் எனக்கு மிஞ்சியது அந்தப் பேர் ஒன்றுதான். அதை ஊரே படிக்க வைத்துவிட்டாய். உன்னை எப்படி மன்னிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ரம்ஷா


கரும்புக்கடை, கோவை
6.2.2025

என் கண்ணு ரம்ஷாவுக்கு ஸலாம்.

கேலி பேசிய இந்த வாயை என்ன செய்வது! கண்காட்சியில் எல்லாரும் என் தட்டின் முன்னால்தான் நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கமாட்டேன். உன் பிள்ளையின் பேரில் நான் பெருமை தேடியிருக்கிறேன்.

தட்டை என் துப்பட்டியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். அழிக்க வழியுண்டா என்று பழனியாத்தாள் அக்காவிடம் கேட்டேன். "சுட்ட மண்ணுங்க அம்மணி, இனிக் கரையாதுங்க" என்றார். துஆ எழுதியதை உடைக்க மனசு ஒப்பவில்லை. ஆனாலும் நீ சொன்னால் உடைக்கிறேன். பவானி ஆற்றில் விடச் சொன்னால் விடுகிறேன். நீ சொல்லும்வரை தொடமாட்டேன். பதில் வராவிட்டால், வரவில்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வேன்.

சாஜிதா


கோபிசெட்டிபாளையம்
19.2.2025

அன்புள்ள அக்கா,

ஸலாம். தட்டை உடைக்காதே.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுத பிறகு, வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவரிடம் நானே போனேன். "மன்னிச்சுப்போடுங்க" என்றேன். வாய்க்காலைப் பார்த்தபடியே, "நானும் ஒரு பேரு வெச்சிருந்தேன் ரம்ஷா. சொன்னா நீ தாங்கமாட்டீன்னு சொல்லலே" என்றார்.

வேறு பேர் அக்கா. என்னுடையது இல்லை. இத்தனை வருடமும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பேரை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டையும் சேர்த்து ஒருதடவை சொன்னார். வெயிலும் வாழை இலையும் ஓடுகிற தண்ணீரும் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. என் பிள்ளையை ஒருவர் வாய்விட்டுக் கூப்பிட்டு அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

உன்மேல் கோபம் போய்விட்டதென்று பொய் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு வா. நெய்ச்சோறு ஆக்கிவைக்கிறேன். சாப்பிடு, என்னைக் கட்டிக்கொண்டு அழு, எதுவானாலும் செய்.

அவர் வைத்த பேரை மட்டும் கேட்காதே. உனக்குச் சொல்லமாட்டேன்.

உன் ரம்ஷா