அளக்கும் கருவிக்கு ஒரு மாலை

என் அன்பு அக்காவுக்கு,

நீ போன பிறகு ஆஸ்பத்திரி உன்னை மிகவும் மதிக்கிறது. வரவேற்பறையில் உன் படம். கீழே சனிக்கிழமை திறந்துவைத்த கண்ணாடிப் பெட்டி. உள்ளே சீரியல் பல்பு, பிளாஸ்டிக் மாலை, நடுவில் உன் சேம்பர், நீ கதிர் அளந்த கருவி.

புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் நம் முடுக்கி, எவ்வளவு கொடுத்தோம் என்று தானே திரையில் காட்டும். நீ அதை நம்பியதில்லை. "மாப்பிள்ளை நல்லவரான்னு மாப்பிள்ளையையே கேப்பியாடா?" என்பாய். திங்கள்தோறும் முதல் நோயாளிக்கு முன்னால், விரல் நுனியளவுள்ள அந்தச் சேம்பரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, கதிரை விட்டு அளப்பாய். தினமும் அளக்க வேண்டும் என்று நீ கேட்டபோது, நிர்வாகத்தில் நேரமில்லை என்றார்கள்.

உன் வேலை எனக்கு வந்தது. கருவி பெட்டிக்குள் போய்விட்டது. இன்னொன்று சரிபார்ப்புக்குப் போனது, திரும்பவில்லை.

திங்களன்று மெஷினை ஓட்ட மறுத்தேன். கதிர் வைத்துக்கொள்ளப் பச்சைமலையிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, கரண்டு இல்லையா?"

"இருக்குங்கம்மா. அளந்து பாக்காம வைக்கக் கூடாது."

"அப்ப அளங்களேன்."

நிர்வாகியிடம் போனேன். "மேடம் நினைவா வச்சிருக்கோம் சார். அதைப் போய் தண்ணில போடுவீங்களா?"

"தண்ணில போடத்தாங்க அது இருக்கு."

"கூடப் பிறந்த நீங்களே இப்படிப் பேசலாமா?"

பெட்டிச் சாவி ஆஸ்பத்திரித் தலைவரிடம். தலைவர் ஸ்ரீரங்கத்தில், தரிசன வரிசையில். காவிரிப் பாலம் தாண்டிப் போய் அவரைப் பிடித்தேன். "கார்லதான் கிடக்கு, டிரைவர்ட்ட வாங்கிக்கங்க" என்றார், கூப்பிய கையைப் பிரிக்காமல்.

அளந்தேன். கதிர் கூடுதலாக வந்துகொண்டிருந்தது. திரையில் எல்லாம் சரியாகவே இருந்தது. சரிசெய்து, அந்த அம்மாவுக்கு மத்தியானம்தான் கதிர் வைத்தோம். ஆனால் எந்த நாளிலிருந்து கூடியது அக்கா? முந்தின வாரம் அந்த மேசையில் படுத்து எழுந்தவர்களில் யார் யாருக்கு? திரையையா கேட்பேன்?

விஷயத்தைச் சொன்னதும் நிர்வாகி கும்பிட்டார். "பாத்தீங்களா, மேடம் தெய்வமா இருந்து காப்பாத்துறாங்க!" சாயங்காலமே சேம்பர் பெட்டிக்குத் திரும்பியது. இம்முறை நிஜப் பூமாலை.

"இனிமே தினமும் அளக்கலாங்களா?" என்றேன்.

"தினமும் பூ மாத்தச் சொல்லியிருக்கோம் சார்."

சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் அதற்கு ஒரு நகல் போட்டுக்கொண்டேன். இனி தினமும் காலையில் முதல் நோயாளி வருமுன் உன் மாலையைக் கழற்றுவேன். கோபித்துக்கொள்ள மாட்டாய், தெரியும். ஈரம் துடைத்துத்தான் திரும்ப வைப்பேன்.

திரையை நம்பாத
உன் தம்பி