கூரைமேல் உன் கோட்டு

அன்பு மகன் லுவானுக்கு,

போர்ஷிலிருந்து அம்மா நூரியே எழுதுவது. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தாலியில், தூரினில் நீயும் மருமகளும் சுகம்தானே? உன் மகள் எர்மீரா போனில் பாதிதான் சொல்லியிருப்பாள். மீதியை நான் எழுதுகிறேன்.

நம் ஆலிவ் தோப்புப் பதுங்குகுழி, சுற்றுலா வருகிறவர்கள் வாடகைக்குத் தங்கும் வீடாகிவிட்டது, லுவான். நீ பட்டாளத்தில் இருந்தபோது காவல் நின்ற அதே குழிதான். ஆட்டுப் புழுக்கையை வண்டி வண்டியாக அள்ளி, சுண்ணாம்பு அடித்தோம். பீரங்கி நீட்டும் ஓட்டைக்கு எர்மீரா கண்ணாடி போட்டாள். கட்டிலில் படுத்தபடியே கடல் தெரிகிறது. அலமாரி மாட்ட ஒரு ஆணிகூட இறங்கவில்லை. உன் அப்பா குழைத்த சிமெண்ட் அல்லவா. இத்தாலியில் பிறந்த பெண், நம் ஊர்க் கொத்தனாரை அதட்டி வேலை வாங்குகிறாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆலிவ் பறிப்பதற்குள் ஒரு விருந்தாளியும் தங்காவிட்டால், தோப்பை விற்றுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறக்கவில்லை.

போன வாரம் வந்தார்கள், ஹாலந்துக்காரப் புருஷனும் பெண்டாட்டியும். புது வீட்டுக்குக் கண்பட்டுவிடக் கூடாதே என்று ஊர் வழக்கப்படி கூரைமேல் வைக்கோல் பொம்மை கட்டியிருந்தேன். அதற்கு உடுத்த நீ விட்டுப்போன பட்டாளக் கோட்டுதான் கிடைத்தது. தோளில் ஒரு மண்வெட்டிக் காம்பையும் சாய்த்து வைத்தேன். அந்தி மங்கலில் அவர்கள் கார் வளைவு திரும்பியது, நின்றது, அப்படியே பின்னால் போய்விட்டது. துப்பாக்கிக்காரன் என்று பயந்துவிட்டார்கள்.

எர்மீரா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துத் தோப்பு ஜெமால் வேலியோரம் நின்று, 'எதிரி வருவான் வருவான்னு அந்தக் காலத்து அரசாங்கம் இந்தக் குழியைக் கட்டுச்சு, ஒருத்தனும் வரல. இத்தனை வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் அது வேலை செஞ்சிருக்கு, அக்கா' என்று சிரித்தான். 'பல்லைக் காட்டினது போதும், மோட்டார் சைக்கிளை எடுடா. வாசல் வரைக்கும் வந்தவங்க காபி குடிக்காமப் போனா அவமானம் எனக்குத்தான்' என்று விரட்டினேன். ஊர் எல்லையில் மறித்துக் கூட்டிவந்துவிட்டான்.

காபி, கீரை வைத்துச் சுட்ட பூரெக், உன் அப்பா புதைத்து வைத்த ராக்கிச் சாராயம் எல்லாம் வைத்தேன். பொம்மையை இறக்கப் போனேன், அந்தப் பெண் விடவில்லை. 'அவரு நிக்கட்டும் பாட்டி, எங்களுக்குக் காவலா இருக்கட்டும்' என்றாளாம், எர்மீராதான் அவள் பேச்சை நம் மொழியில் சொன்னாள். இரண்டு நாளுக்கு வந்தவர்கள் வாரம் முழுக்கத் தங்கினார்கள். அவர்கள் சினேகிதர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள்.

ஆகவே நான் வரவில்லை, மகனே. தோப்பை விலைக்குக் கேட்ட அந்த வ்லோரா ஊர்க்காரரிடம் நீயே சொல்லிவிடு. கோபித்துக்கொள்ளாதே.

காலையில் கதவைத் திறந்ததும் உன் கோட்டு கண்ணில் படுகிறது. தினமும் ஒரு தடவை உன் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன். மழை வந்தால் வைக்கோல் தாங்காது. அதற்குள் ஒரு முறை வந்து அவனுக்குக் காவல் மாற்று. கதவு தாழ்வு, தலை இடிக்காமல் குனிந்து வா. ஆண்டவன் உன் வழியெல்லாம் வெளிச்சமாக வைக்கட்டும்.

உன் அம்மா,
நூரியே