அப்பாவின் நெஞ்சுவலி

5 செப்டம்பர் 1987, சனி

இன்றும் குழாயடியிலிருந்து வரும் வழியில் இரண்டு தடவை குடத்தை இறக்கி வைத்தேன். மூச்சு வாங்குகிறது. நெஞ்சுக்குள் கோழி சிறகடிப்பது போல ஒரு படபடப்பு.

அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பி.ஏ. படிச்ச மகாராணிக்குக் கொடம் கனக்குதா? போற வூட்ல இப்டி நின்னா ஆயம்மா வெளக்குமாத்தாலதான் பேசுவா" என்றாள். ஆயம்மாள் எனக்கு வரப்போகும் மாமியார். ஆவணியில் பரிசம் போட்டாயிற்று.

சாயந்திரம் எங்கள் வீட்டு முற்றத்தில் மறியல் கூட்டம். பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் ஒரு வண்டியும் ஓடக்கூடாதாம். படிப்பிலும் வேலையிலும் நம் சனத்துக்கு இருபது சதவீத இடஒதுக்கீடு வேண்டுமாம். நியாயமான கோரிக்கைதான். என் வேலைவாய்ப்பு அட்டையும் இரண்டு வருஷமாகப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆனால் கூட்டத்தில் ஒரு பெண் கிடையாது. நான் அடுப்பங்கரையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.

12 செப்டம்பர்

நேற்றுக் கரும்புக் கொல்லையில் மயங்கி விழுந்துவிட்டேன். அதனால்தான் இன்று அப்பா கள்ளக்குறிச்சி டாக்டரிடம் கூட்டிப்போனார். இல்லாவிட்டால் போயிருப்பாரா?

டாக்டர் ரொம்ப நேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்துச்சா?" வந்தது. மலைக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். அந்த ஜுரம் முட்டியை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டதாம். உள்ளே ஒரு வால்வு சுருங்கிவிட்டது. கதவு பாதிதான் திறக்கிறது, ரத்தம் பின்னால் தேங்குகிறது என்றார்.

அத்தனையும் அப்பாவைப் பார்த்தே சொன்னார். நோய் எனக்கு, பதில் அவருக்கு.

"பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர்றேன். வெள்ளிக்கிழமைதான் நெஞ்சு டாக்டர் பாப்பார். ஆபரேஷன் பண்ணாம இந்தப் பொண்ணு கர்ப்பமாகக் கூடாது. உயிர் போயிடும், ஐயா. புரியுதா?"

அப்பா தலையாட்டினார். கடிதம் அவர் சட்டைப் பைக்குள் போனது. பஸ் தியாகதுருகம் வந்தது. இறங்கியதும் சொன்னார்: "மலரு, இத எவங்கிட்டயும் வாயத் தொறக்காத."

அடுத்த வெள்ளி பதினெட்டு. மறியல் பதினேழு.

13 செப்டம்பர்

அம்மா: "மாருல தையல் போட்ட பொண்ண எவன்டி கட்டுவான்?"

15 செப்டம்பர்

இன்று அப்பாவிடம் சண்டை. ஆஸ்பத்திரி வேன் ஒன்றை மட்டும் பாண்டி வரைக்கும் விடப்போகிறார்கள், நோயாளியோடு துணைக்கு ஒரு ஆள் போகலாம். இதைக் கூட்டத்தில் முடிவு செய்ததே அப்பாதான். அப்புறம் என்ன?

"வேன்ல ஏத்துறதுக்கு முன்னாடி யாருக்கு இன்னா நோவுன்னு கேப்பானுங்க. மாப்ள ரோட்டுக்குக் குறுக்க வெட்டிப் போடற மரத்தாண்டயேதான் நிக்கப் போறான். அவங்கிட்ட இன்னா சொல்றது?"

"உள்ளத சொல்லுங்க."

"சொல்லிட்டு? காலத்துக்கும் ஒன்ன வூட்ல வெச்சிக்கினு இருக்கவா?"

உயிரோடு வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவு கஷ்டமா?

18 செப்டம்பர், வெள்ளி



விடியும்முன் அப்பாவே மாட்டு வண்டி கட்டினார். ராத்திரியெல்லாம் நான் இருமியதைக் கேட்டு மனசு மாறியிருக்கும். ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. மரத்தின் மேல் பையன்கள். மாயவனும் இருந்தான். எனக்கு நிச்சயித்தவன். தோளில் கோடரி. அந்தப் பக்கம் வேன் புறப்படத் தயாராக நின்றது.

மாயவன் ஓடி வந்தான். "மாமா, யாருக்கு ஒடம்பு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லுங்கப்பா, சொல்லுங்க, வாயத் தொறங்க —

"எனக்குத்தான் மாப்ள. நெஞ்சு வலி."

அவ்வளவுதான். "நம்ம தலைவரு தெய்வசிகாமணிக்கு நெஞ்சு வலிடோய்" என்று கூச்சல். நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கினார்கள். நானும் ஏறப் போனேன். மாயவன் தடுத்தான்: "நீ எதுக்கு? அங்க தூக்க எறக்க ஆம்பள வாணாமா? மாமாவ நான் பாத்துக்கறேன்." மருமகன் கடமை! பையன்கள் விசிலடித்தார்கள். "இப்பவே மாமனாருக்குக் கால் அமுக்கப் போறான்டா."

நான் சொல்லியிருக்கலாம். "எனக்குத்தான்" — ஒரே வார்த்தை. வாய் வரவில்லை. வேனுக்குள் அப்பா கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். என் பெயர் எழுதிய கடிதம் அவர் பைக்குள்.

மாட்டை நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

24 செப்டம்பர்

காலனி சனத்துக்கு ஒரு வாரமாகக் கூலி இல்லை. கூட்டத்தில் அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா?

26 செப்டம்பர்

மறியல் முடிந்து அப்பா வந்தார். பாண்டியில் பெரிய டாக்டரே பார்த்தாராம். ஈசிஜி எடுத்தார்களாம். "ஒண்ணும் இல்ல, வாயுதான்னாங்க. இருந்தாலும் பத்தரமா இருக்கச் சொன்னாங்க" என்று மாயவன் பெருமையாகச் சொன்னான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயந்திரமே போலீஸ் தேடுகிறது என்று கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். மரவள்ளிக் காட்டில் ஒளிந்திருக்கிறாராம். கடிதத்தையும் எடுத்துப் போய்விட்டார்.

9 அக்டோபர்

அம்மாவுக்குத் தெரியாமல் கள்ளக்குறிச்சி டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. வேறு கடிதம் தருகிறேன் என்றார். "ஆனா ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஆள் வேணும்மா. அப்பா வரட்டும். இல்லன்னா கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர கூட்டிட்டு வா."

என் நெஞ்சு. என் கையெழுத்து செல்லாது.

மாத்திரையும், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியும் எழுதிக் கொடுத்தார்.

9 நவம்பர்

நேற்றுக் கல்யாணம். போலீஸ் கெடுபிடி தணிந்து அப்பா இறங்கி வந்திருந்தார். மலை வெயிலில் கறுத்திருந்தார். பந்தலில் அவருக்கு நாற்காலி, மோர், விசிறிவிட ஒரு ஆள். "சம்பந்தி, நீங்க அசையக் கூடாது" என்று ஆயம்மாள் அதட்டினாள். நான் மாலையோடு நின்றுகொண்டே இருந்தேன். மாலை கூடக் கனக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

20 நவம்பர்

மாயவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வால்வு, ஆபரேஷன், குழந்தை கூடாது, எல்லாம்.

பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்தான். "நெஞ்சு நோவு ஒங்கப்பாருக்கு. நான்தான கூட போனேன்? அவரயே பாத்துப் பாத்து ஒனக்கும் பயம் புடிச்சிக்கிச்சு. ஒண்ணும் ஆவாது, வுடு."

"எங்கப்பாவையே கேளுங்க."

"நெஞ்சு நோவுக்காரரப் போய் இதெல்லாம் கேட்டுக்கினு இருக்கச் சொல்றியா?"

நல்லவன்தான். குடிப்பதில்லை, அடிப்பதில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. யாரைத் திட்டுவது?

11 டிசம்பர்

ஊசி போடும் நாள். போகவில்லை. என்ன ஊசி என்று ஆயம்மாள் கேட்டால் என்ன சொல்வது?

3 ஜனவரி 1988

தலையணை இல்லாமல் படுக்க முடிவதில்லை. இப்போது இரண்டு தலையணை.

14 பிப்ரவரி

இரண்டு மாதமாக நாள் தள்ளிப் போயிருக்கிறது. காலையில் குமட்டியதைப் பார்த்ததும் ஆயம்மாள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

மத்தியானம் அப்பா வாழைத்தாரோடு வந்தார். வாசலிலேயே ஆயம்மாள் தாரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இத எதுக்கு நீங்க தூக்கிக்கினு?" உட்கார வைத்துவிட்டு மாயவன் காதில் கிசுகிசுத்தாள். எனக்கும் கேட்டது: "மெதுவாச் சொல்லுடா. நெஞ்சு நோவுக்காரரு. சந்தோசத்தயும் பதமாத்தான் சொல்லணும்."

மாயவன் பதமாகத்தான் சொன்னான்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் புளியமரத்தடியில் பார்த்த அதே பார்வை. வாயைத் திறந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்துவிட்டார்.

எல்லோரும் அவரிடம் ஓடினார்கள். ஒருவர் விசிற, ஒருவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற, ஆயம்மாள் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "மலரு, நின்னுக்கினு இருக்கியே, ஓடிப்போயி ஒரு சொம்பு தண்ணி கொண்டாடி!"

கொல்லைப்புறம் போய் மொண்டு வந்தேன். வரும் வழியில் இரண்டு தடவை சொம்பை இறக்கி வைத்தேன்.